டிசம்பர் 24, கடை அடைக்கும் நேரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஓடிடி முகப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும்தான். ஸ்வெட்டர் போட்ட ஒரு ஜோடி, பின்னால் விளக்கு சுற்றிய மரம், மேலே பொடிப்பொடியாய்ப் பனி. அதில் நாலு படம் பார்த்தவர்கள் "கிறிஸ்துமஸ் காதல் படம்னா இவ்வளவுதான்" என்று மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் கைநழுவிப் போகிற நல்ல படங்களுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

என் கட்சி இதுதான். நல்ல கிறிஸ்துமஸ் காதல் படங்கள் பண்டிகை கொண்டாடுகிறவர்களைப் பற்றியவை அல்ல, பண்டிகைக்கு முந்தின நாள் வரை வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களைப் பற்றியவை. சம்பளம், வாடகை, முதலாளியின் முகம் கோணாமல் நடந்துகொள்ளும் பயம், இதெல்லாம் இருக்கிற படத்தில்தான் காதல் நம்பும்படி வரும். அந்தப் படங்களில் கிறிஸ்துமஸ் என்பது ஒரு கெடு. 24ஆம் தேதி ராத்திரிக்குள் எல்லோரும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். போக இடமில்லாதவர் யார் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது 1940இல் வந்த 'தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்'. எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கியது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும் ஜோடி. மிக்லோஷ் லாஸ்லோ என்ற ஹங்கேரிய நாடகாசிரியரின் நாடகத்திலிருந்து எடுத்த கதை. நாடகத்தில் வாசனைத் திரவியக் கடை, படத்தில் அது தோல் சாமான் கடை ஆகிவிட்டது. புடாபெஸ்டில் நடக்கிற கதையை ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குள் செட் போட்டே எடுத்தார்கள்.

கதை சின்னதுதான். கிராலிக் அந்தக் கடையின் மூத்த விற்பனையாளர். கிளாரா புதிதாகச் சேர்ந்தவள். கடைக்குள் இருவருக்கும் ஒத்துவரவே வராது. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு ஆளுக்கு ஆள் காதல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அந்த முகம் தெரியாத ஆள் பக்கத்துக் கவுன்டரில்தான் நிற்கிறார். அது நமக்கு முதலில் தெரிகிறது, பிறகு அவனுக்கு, கடைசி நிமிடத்தில்தான் அவளுக்கு.

இந்தப் படத்தில் காதலுக்குச் சமமாகக் காசு பேசப்படுகிறது. கல்யாணம் செய்துகொள்ள எவ்வளவு ஆகும் என்று கிராலிக் தன் சக ஊழியர் பிரோவிட்ச்சிடம் விசாரிக்கிற இடத்தைக் கவனியுங்கள். மூன்று அறை வேண்டுமா என்று கேட்டால், எதற்கு மூன்று, சமையலறையிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாமே என்கிறார் அந்தக் குடும்பஸ்தர். விருந்தினர் வந்தால்? நீ என்ன தூதரா, விருந்து வைக்க, என்பதுதான் பதில். இதே பிரோவிட்ச், முதலாளி மட்டுஷெக் "உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று யாரையாவது கேட்கத் தொடங்கினாலே சத்தமில்லாமல் படியேறி மறைந்துவிடுவார். பிள்ளைகுட்டிக்காரன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் விதம் அது. இப்படி ஒருவரை நாம் பார்க்காத அலுவலகம் உண்டா?

ஒரு சாமானைப் படம் முழுக்க எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றும் பாருங்கள். திறந்தால் ஒரு ரஷ்யப் பாட்டு வாசிக்கும் சிகரெட் பெட்டி. முதலாளிக்கு அதன் மேல் ஆசை. விற்காது என்கிறான் கிராலிக். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டோ அத்தனை முறை அதே பாட்டைக் கேட்க எவனுக்குப் பொறுமை இருக்கும் என்பது அவன் கணக்கு. வேலை தேடி வந்து நிற்கிற கிளாரா அந்தப் பெட்டியை மிட்டாய்ப் பெட்டி என்று மாற்றிச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுகிறாள். ஒவ்வொரு முறை பாடும்போதும் 'அளவுக்கு மீறித் தின்கிறாய்' என்று அது ஞாபகப்படுத்துமாம். வேலை கிடைத்துவிடுகிறது. ஆனால் கிராலிக் சொன்னதுதான் உண்மை. அதே பெட்டிகள் பின்னால் விலை குறைத்து ஜன்னலில் அடுக்கப்பட்டுக் கிடக்கும். இருவருக்கும் நடுவில் இருக்கிற கசப்பு, மதிப்பு, போட்டி மூன்றும் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

இன்னொரு இடம். தபால் நிலையத்தில் எண் 237 பெட்டி. கேமரா பெட்டிக்கு உள்ளே இருந்து பார்க்கிறது. கையுறை போட்ட ஒரு கை உள்ளே வந்து துழாவுகிறது. ஒன்றும் இல்லை. கை விலகியதும் அந்தச் சதுரத்தில் கிளாராவின் முகம் தெரிகிறது. வசனம் கிடையாது. சில விநாடிதான். ஒரு பெண்ணின் ஏமாற்றத்தை இதைவிடச் சிக்கனமாக யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

படத்தின் உண்மையான உச்சம் காதலர்கள் சேர்வதற்குச் சற்று முன்னால் வருகிறது. 24ஆம் தேதி இரவு. 1928க்குப் பிறகு இதுதான் நல்ல வியாபாரம் என்ற சந்தோஷத்தில் முதலாளி போனஸ் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டு, கடை வாசலில் பனியில் தனியாக நிற்கிறார். மனைவி விஷயத்தில் வீடு உடைந்துவிட்டது. போகிறவர்களிடம் ஒவ்வொருவராக, இன்று இரவு என்ன ஏற்பாடு என்று மெதுவாக விசாரிக்கிறார். எல்லோருக்கும் போக இடம் இருக்கிறது. கடைசியில் வருகிறவன் ரூடி, புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன். ஊருக்குப் புதுசு, சொந்தம் யாரும் இங்கே இல்லை. சிக்கன் நூடுல்ஸ் சூப் பிடிக்குமா என்று ஆரம்பிக்கிறார். பிடிக்கும். ஆப்பிள் அடைத்து வாட்டிய வாத்து? வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோஸ்? வெள்ளரிக்காய் சாலட்? கடைசியில் வனிலா சாஸ் ஊற்றிய ஆப்பிள் ஸ்ட்ரூடல் இரண்டு பங்கு? ஒவ்வொன்றுக்கும் பையன் முகம் விரிகிறது. முதலாளி முகமும்தான். பசித்த பையனுக்கும் தனியாகச் சாப்பிடப் பயந்த கிழவருக்கும் ஒரே மேசை கிடைத்துவிட்டது.

இதே கதையைத்தான் 1998இல் 'யூ'வ் காட் மெயில்' என்று மின்னஞ்சலுக்கு மாற்றி எடுத்தார்கள். டாம் ஹாங்க்ஸும் மெக் ரயனும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அதில் அவன் பெரிய புத்தகக்கடைச் சங்கிலியின் முதலாளி வீட்டுப் பிள்ளை, அவளோ அவனால் கடையை இழுத்து மூடியவள். பழைய படத்தில் இருவரும் ஒரே முதலாளிக்குப் பயந்த சம்பளக்காரர்கள். உண்மை தெரிந்தும் அவன் மறைத்து விளையாடுவது அங்கே குறும்பாகத் தெரிகிறது, இங்கே எனக்கு உறுத்துகிறது. பிழைப்பைப் பறித்தவன் பறிகொடுத்தவளிடம் விளையாடுவது வேறு விஷயம்.

அடுத்தது 'தி அபார்ட்மென்ட்', 1960. பில்லி வைல்டர். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர். இதைக் கிறிஸ்துமஸ் பட்டியலில் சேர்த்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் முதல் வரிசையில் வைப்பேன். நியூயார்க் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா பாக்ஸ்டர். படம் தொடங்கும்போதே தன் கணக்கைச் சொல்லிவிடுகிறான்: கம்பெனியில் 31,259 பேர், அவன் மேசை 19ஆம் மாடியில், வாரச் சம்பளம் 94 டாலர் 70 சென்ட். பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரியில் குளிரில் வெளியே காத்துக் கிடப்பவன். அவன் மனசுக்குள் வைத்திருக்கும் லிஃப்ட் இயக்கும் பெண் ஃபிரான், அதே வீட்டுக்குத் தன் மேலதிகாரியோடு வந்து போகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

தெரிய வரும் இடம் அலுவலகக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். பதவி உயர்வுக்கு அவன் வாங்கிய புதுத் தொப்பி எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் தன் பவுடர் டப்பாவின் கண்ணாடியை நீட்டுகிறாள். கண்ணாடியில் விரிசல். அந்த டப்பாவைத் தன் வீட்டில் கண்டெடுத்து அதிகாரியிடம் கொடுத்தவன் அவனேதான். அவன் முகம் இரண்டாகப் பிளந்து தெரிகிறது. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், என் மனசு இருக்கிற மாதிரியே என் முகத்தைக் காட்டுகிறது என்கிறாள் அவள். சுற்றிலும் ஆட்டம் பாட்டம் நடக்கிறது. அன்று இரவே அந்த அதிகாரி, கடைக்குப் போய்ப் பரிசு வாங்குவது தனக்குச் சங்கடம் என்று அவள் கையில் நூறு டாலர் நோட்டை வைக்கிறான். படத்தின் மிகக் கொடூரமான காட்சி அதுதான். ஒருவர் குரலும் உயரவில்லை.

அந்த முடிவே இல்லாத அலுவலகக் கூடத்தைக் கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் ட்ரௌனர் ஒரு தந்திரத்தால் அமைத்தார். பின்னால் போகப் போக மேசைகளைச் சிறிதாக்கி, குள்ளமான ஆட்களை உட்கார வைத்தார். அதனால்தான் அந்த வரிசை போய்க்கொண்டே இருக்கிற மாதிரி தெரிகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்', 'தி அபார்ட்மென்ட்' இரண்டிலும், 1946இன் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்திலும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வருகிறது. மனம் சோர்ந்திருக்கும் ஒருவர் தனியாகப் பார்ப்பதானால் இது தெரிந்துகொண்டு பார்க்கட்டும். குழந்தைகளோடு பார்ப்பவர்களும்தான். 'மனதை இதமாக்கும்' படங்கள் என்று பேர் வாங்கிய மூன்றிலும் இது இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஊரே கூடியிருக்கும் நாளில் தனியாக இருப்பவரின் வலியைத் தொடாமல் வரும் இதம் மேலோட்டமானது.

'வொண்டர்ஃபுல் லைஃப்' பற்றி எல்லோரும், பாலத்திலிருந்து குதிக்கப் போன நாயகன் ஜார்ஜைக் காப்பாற்ற வரும் தேவதையைச் சொல்வார்கள். நான் தொலைபேசிக் காட்சியைச் சொல்வேன். ஜார்ஜும் (இங்கேயும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான்) அவன் காதலிக்கும் மேரியும் ஒரே ரிசீவரில் காது வைத்து, ஊரைவிட்டுப் போய்ப் பணக்காரனான நண்பன் பேசுவதைக் கேட்கிறார்கள். அவன் பிளாஸ்டிக் வியாபாரம் பற்றிப் பேசிக்கொண்டே போகிறான். இவர்களுக்கு ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. மூச்சு படும் தூரத்தில் இரண்டு முகம். ஜார்ஜ் வெடித்துக் கோபப்படுகிறான், அடுத்த நொடி அணைத்துக்கொள்கிறான். இந்த ஊரிலேயே மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் அவள் மேல் உள்ள ஆசையும் ஒரே மூச்சில் வருகின்றன.

அந்தப் படத்தின் பனிக்கும் ஒரு கதை உண்டு. அதுவரை சினிமாப் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸ். காலை வைத்தால் நொறுங்கும், வசனத்தைப் பின்னால் தனியாகப் பதிய வேண்டும். தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து இவர்கள் செய்த பனி சத்தமே போடவில்லை. வசனத்தை அங்கேயே பதிவு செய்ய முடிந்தது. படம் எடுத்ததோ கோடை வெயிலில். பாலத்துக் காட்சியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தில் வேர்வையைக் காணலாம்.

இன்றைய தொலைக்காட்சிப் படங்களுக்கும் இதே சிக்கல்தான். அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் 2009 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வரிசையாகப் படம் போடுகிறது. நிறையப் படங்கள் கனடாவில், கோடையில், இரண்டு மூன்று வாரத்தில் எடுத்து முடிக்கப்படுகின்றன. உற்றுப் பார்த்தால் தெரியும்: பேசும்போது வாயிலிருந்து ஆவி வராது, தெருமரத்தில் பச்சை இலை இருக்கும், நிழல் காலடியிலேயே விழும், பூட்ஸில் பனி ஒட்டாது. அதற்காக நான் இவற்றை ஒதுக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு, முடிவு நல்லபடியாகத்தான் இருக்கும் என்ற உத்தரவாதமே ஒரு மருந்து. என் குறை வேறு. நகரத்தில் வேலை பார்க்கும் பெண் சின்ன ஊருக்கு வந்து, காதலில் விழுந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் வேலையை விடுகிறாள். அடுத்த மாத வாடகை யார் கொடுப்பார்கள் என்று பிரோவிட்ச் மாதிரி ஒருவர்கூடக் கேட்பதில்லை.

இதமாக ஒன்று வேண்டும், ஆனால் கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு 1995இன் 'வைல் யூ வேர் ஸ்லீப்பிங்'. சாண்ட்ரா புல்லக் சிகாகோ ரயில் நிலையத்தில் டோக்கன் விற்பவள். குடும்பம் இல்லாதவள் என்பதாலேயே கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கு வேலை போடுகிறார்கள். மொத்தக் கதையும் அந்த ஒரு அநியாயத்திலிருந்து கிளம்புகிறது. இன்னும் பழையது வேண்டுமென்றால் 1940இன் 'ரிமெம்பர் தி நைட்': நகை திருடியவளும் அவளுக்கு எதிராக வாதாடும் அரசு வக்கீலும், வழக்கு ஒத்திவைப்பில் ஊருக்குப் போகிறார்கள். விஜய் சேதுபதியின் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' பற்றிக் கேட்பீர்கள். பம்பாயில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நடக்கும் நல்ல படம்தான், ஆனால் த்ரில்லர். காதலை நம்பி உட்காராதீர்கள்.

பார்க்கும் விதம் பற்றிக் கொஞ்சம். 1940களின் படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்தால் முகமெல்லாம் சப்பையாகிவிடும். படத்தின் அசல் அளவை வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். 'அபார்ட்மென்ட்' நேர்மாறு, மிக அகலமானது. 'ஜூம்' வைத்தால் அந்த மேசை வரிசை ஓரத்தில் வெட்டுப்படும். அசைவை வழவழப்பாக்கும் டிவி வசதியான மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய படம் சீரியல் மாதிரி வழுக்கும். 'வொண்டர்ஃபுல் லைஃப்' வண்ணம் பூசியும் கிடைக்கிறது, கறுப்பு வெள்ளையையே எடுங்கள். லூபிட்ஷ் படத்தில் பேச்சு வேகம் அதிகம். தானியங்கி சப்டைட்டில் பாதி வசனத்தைத் தப்பாகப் போடும், முறையாகச் சேர்த்த சப்டைட்டில் இருக்கிற பிரதியைத் தேடுங்கள்.

'ஷாப்' 99 நிமிடம். 24ஆம் தேதி சாப்பாட்டுக்கு முன்னால் பாருங்கள், ரூடியின் மெனுவுக்குப் பிறகு பசி எடுக்கும். 'அபார்ட்மென்ட்' 125 நிமிடம், புத்தாண்டு இரவில் முடிகிறது. 31ஆம் தேதி இரவு சரியாகப் பத்துக்குப் போட்டால் படத்தின் நள்ளிரவும் உங்கள் வீட்டு நள்ளிரவும் ஏறக்குறைய ஒன்றாக வரும். வெளியே வெடிச்சத்தம் கேட்டாலும் எழுந்து போகாதீர்கள். ஃபிரான் தெருவில் ஓடிவருவாள், படியேறும்போது அவளுக்கும் ஒரு வெடிச்சத்தம் கேட்கும்.