ஆப்பிள் ஜூஸ் இல்லாமல் என்ன ஷார்லோட்கா?

ஷார்லோட்கா என்பது வோட்காவும் ஆப்பிள் ஜூஸும் கலந்த போலந்து பானம். அதைச் செய்வதாக ஒருவர் போட்ட காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வோட்கா, அதில் பச்சை சிரப், மேலே சோடா. தலைப்பு மட்டும் "வீட்டிலேயே போலந்து ஷார்லோட்கா". இதில் ஆப்பிள் ஜூஸ் ஒரு சொட்டுகூட இல்லையே என்று கீழே ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் இவ்வளவு வசவு.

மறுபடியும் சொல்கிறேன். ஷார்லோட்காவில் ஆப்பிள் ஜூஸ்தான் முக்கியம், வோட்கா அதற்குத் துணை. இங்கே போலந்தில் ஜுப்ரூவ்கா என்ற வோட்காவில் செய்வார்கள். பாட்டிலுக்குள் காட்டெருமைப் புல் ஒன்று நீளமாக நிற்கும். பியாவோவியெஜா காட்டுப் பக்கத்துப் புல் அது. கூமரின் என்ற பொருளால் அதற்கு வெனிலாவும் புது வைக்கோலும் கலந்த வாசம். ஐஸ் நிறைத்த கிளாஸில் 50 மி.லி. வோட்கா, 150 மி.லி. வடிகட்டாத கலங்கல் ஜூஸ். அவ்வளவுதான். ஷேக்கர்கூட வேண்டாம்.

வ்ரோட்ஸ்வாஃப் என்ற இந்தப் போலந்து நகரத்துக்கு நான் வந்த புதிதில் வீட்டுக்கார அம்மா செய்து காட்டினார். புளிப்பு ஆப்பிளைத் தோலோடு துருவி, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜூஸ் பழுப்பாக மாறியது. அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, "சீக்கிரம் குடி" என்றார். முன்பின் தெரியாத ஊரில் ஒருவர் என்னை உட்காரவைத்து உபசரித்தது அன்றுதான். அதே பெயரைப் பச்சை சிரப்புக்கு வைத்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

"ஆப்பிள் மார்ட்டினியும் பச்சைதானே" என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 1997-இல் வெஸ்ட் ஹாலிவுட்டின் லோலாஸ் உணவகத்தில் பிறந்த பானம் அது, புளிப்பு ஆப்பிள் மதுவில் செய்வது. அதைச் செய்யுங்கள், அந்தப் பெயரிலேயே போடுங்கள். "ஜுப்ரூவ்கா எங்களுக்குக் கிடைக்காது" என்றால் சாதா வோட்கா போதும். ஆப்பிள் எங்கேயும் கிடைக்கும் அல்லவா? எலுமிச்சை சோடாவில் பழம் பிழியாமல் எசன்ஸ் ஊற்றினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள்தானே நாம்?

ஆப்பிளை இங்கே யாரும் சாதாரணமாக நினைப்பதில்லை. க்ரூயெட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் தோட்டம்தான், அந்தப் பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே உண்டு. 2014 ஆகஸ்டில் ரஷ்யா போலந்துப் பழங்களுக்குத் தடை போட்டபோது, ஆப்பிள் சாப்பிடுவதையே எதிர்ப்பாக மாற்றிய மக்கள் இவர்கள்.

குடியைப் பரப்புகிறேனாம். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காதவர்கள் அந்த ஜூஸை மட்டும் குடியுங்கள், அதுவே அருமையாக இருக்கும்.

ஆனால் "போலந்து போனதும் மாறிட்டீங்க அக்கா, பொம்பளை போடுற பதிவா இது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். அதில் என் வீட்டில் சாப்பிட்டவர்களின் பெயரும் இருந்தது. கேட்கிறேன், அந்தக் காணொளியில் வோட்கா ஊற்றிய ஆணிடம் யாராவது இப்படிக் கேட்டீர்களா? "செம அண்ணா" என்றுதானே எழுதினீர்கள்? நான் பேசியது ஜூஸைப் பற்றி. நீங்கள் பேசியது என் ஒழுக்கத்தைப் பற்றி. சமையல் குறிப்பில் தப்பு இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், பதில் குறிப்பைப் பற்றித்தானே இருக்க வேண்டும்?

லைக் போட்டவர்களை நட்பிலிருந்து நீக்கவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். காணொளி போட்டவரிடம் கேட்பது ஒன்றுதான்: ஜூஸைச் சேருங்கள், இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்.