கேஸ்ஜெவி சிக்கிள் செல் மரபணுப் பிழையைத் தொடுவதில்லை

"கேஸ்ஜெவி ஊசி போட்டால் சிக்கிள் செல் மரபணு சரியாகிவிடும், பிள்ளைகளுக்கும் வராது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை ரத்த நோய்தான் சிக்கிள் செல். நீங்கள் சொன்ன இரண்டுமே தவறு. இதை நம்பி யாராவது குழந்தை விஷயத்தில் முடிவெடுத்துவிடுவார்களோ என்ற கவலையில் சொல்கிறேன்.

2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த இந்தக் கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும்) சிகிச்சை, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும், பிழையுள்ள பீட்டா குளோபின் மரபணுவை அப்படியேதான் விடுகிறது. வெட்டுவது வேறு இடத்தில். நாம் கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினை, பிறந்த பிறகு அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, சிவப்பணுக்களில் அந்த மரபணுவை முடுக்கும் பகுதியை வெட்டுகிறார்கள். பிடி தளர்ந்ததும் கரு ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவது குறைகிறது.

வெறும் ஊசியும் அல்ல. செல்களைத் திரும்ப ஏற்றுமுன் புசல்ஃபான் என்ற கீமோ மருந்தைக் கொடுத்துப் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்க வேண்டும். அதில் கருவுறும் திறனே போகலாம்.

பலன் பெரியதுதான்: ஆய்வில் 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலித்தாக்கம் வரவில்லை. ஆனால் விந்தணுவிலும் கருமுட்டையிலும் எதுவும் மாறுவதில்லை. அந்த மரபணுவின் இரு பிரதியிலும் பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிழையுள்ள ஒரு பிரதி போயே தீரும். துணையிடமும் அந்தப் பிழை இருந்தால் பிள்ளைக்கு நோயே வரலாம். அதனால் சிகிச்சை முடிந்தவரானாலும், துணைக்கு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.