சிட்-அப் எண்ணிக்கையை வைத்து முதுகை அளக்க முடியாது

அண்ணா, "பையன் நிமிடத்துக்கு 30 சிட்-அப் எடுக்கவில்லை என்றால் வயிற்றில் பலமில்லை, கூன் விழுந்துவிடும்" என்று மேலே போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. இதை நம்பிப் பிள்ளைகளை வாட்ட வேண்டாம்.

காலையில் வேலூர் கோட்டை மைதானத்தில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பசங்களைக் கவனியுங்கள். ஒருவர் பாதங்களை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பிடரியைக் கையால் இழுத்துக்கொண்டு எழுவார். பாதி எழுந்த பிறகு வேலை செய்வது பெரும்பாலும் இடுப்பை மடக்கும் தசைகள்தான். வயிற்றின் பலம் மட்டும் அந்த எண்ணிக்கையில் எப்படித் தெரியும்? ஆழத்தில் இருக்கும் வயிற்றுத் தசையின் தடிமனைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் வேண்டும். தடிமனும் பலமும்கூட ஒன்றல்ல.

அப்புறம், 1987-இல் 'பிசிகல் தெரபி' இதழில் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான பெரியவர்களின் கீழ்முதுகு வளைவு, இடுப்பெலும்புச் சாய்வு, வயிற்றுத் தசைத் திறன் மூன்றையும் அளந்தார்கள். தசைத் திறனுக்கும் மற்ற இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை.

முதுகு பற்றிச் சந்தேகம் இருந்தால் பையனைச் சட்டையைக் கழற்றிக் குனியச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். விலா ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அந்த வளைவை அளக்கும் 'காப் கோணம்' 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். வளரும் வயதில் அது கூடக்கூடும். சிட்-அப்பிலேயே சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரிடம் சீக்கிரம் காட்டுங்கள்.