நான்கு முத்திரைகளும் ஒரு பட்டமும்

கடந்த வாரம் முழுவதும் நம் சங்கத்தின் இணையக் குழுவில் நடந்ததை நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். ஆகவே யார் எழுதினார், யார் அதற்குக் கைதட்டினார் என்பதை இங்கே மறுபடியும் எழுதப் போவதில்லை. ஜெர்மனியின் அவுஃப்ஸெஸ் என்ற சிற்றூரில் பீர் காய்ச்சும் இடங்களைத் தேடிப் போன நடைபயணத்தின் முடிவில், கையில் பீர்க் குவளையோடு நான் இட்ட படமும், அதன் கீழே வந்து விழுந்த "குடிச் சுற்றுலா" என்ற சொல்லும், நான் ஒழுங்கு செய்திருந்த அடுத்த நடை சங்கத்தின் நாட்காட்டியிலிருந்து ஒரே இரவில் காணாமல் போனதும் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று உண்டு. அந்தப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டியெடுத்து, திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியாரின் கைபேசிக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். உடன் நடந்த குடும்பங்களும், மேசையில் கிடந்த வரைபடமும், நான்கு முத்திரைகள் பதிந்த அட்டையும் அதில் இல்லை. ஒரு குவளையும் ஒரு பெண்ணும் மட்டும் இருக்கிறார்கள்.

ஓர் ஊரின் பீரைத் தேடிப் போவதும் குடித்துக் கிடப்பதும் ஒன்றல்ல. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

அவுஃப்ஸெஸ் எப்படிப்பட்ட இடம் என்பதை அந்தச் சொல்லை எழுதியவர் ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். 1,500-க்கும் குறைவான மக்கள் வாழும் அந்தச் சிறிய ஊராட்சியில் நான்கு புரூவரிகள் (பீர் காய்ச்சும் ஆலைகள்) இருந்ததால், மக்கள்தொகையைக் கணக்கிட்டால் உலகிலேயே அதிகப் புரூவரிகள் கொண்ட ஊர் என்று 2000-ஆம் ஆண்டுவாக்கில் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. அவற்றை இணைத்துச் செல்லும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வயல்களும் பீச் மரக் காடுகளும் சுண்ணாம்புப் பாறைகளும் வழியெங்கும் வரும். ஒவ்வொரு புரூவரியிலும் அட்டையில் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். அட்டையை நிரப்புவதற்குக் கால்தான் வலுவாக இருக்க வேண்டும். குடித்துக் கிடப்பவரால் அந்த ஏற்றங்களைக் கடந்து நான்காவது முத்திரைக்கு வந்து சேர முடியாது.

நான் பவேரியாவின் எர்லாங்கன் நகருக்கு வேலைக்காக வந்த புதிதில் இந்த மண்ணோடு எனக்கு எந்த ஒட்டுதலும் இல்லை. அலுவலகம், வீடு, இந்தியக் கடை என்றே நாட்கள் போயின. உடன் பணிபுரியும் ஒரு ஜெர்மானியப் பெண்மணி ஒரு மே மாத மாலையில் என்னை ஊருக்கு வெளியே உள்ள ஒரு கெல்லருக்கு, அதாவது பழைய பீர் நிலவறையின் மேல் மர நிழலில் பீர் பரிமாறும் இடத்துக்கு, அழைத்துச் சென்றார். கஷ்கொட்டை மரங்களின் நிழலில் நீண்ட மர மேசைகள் கிடந்தன. பாட்டியும் பேரக்குழந்தைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் முள்ளங்கியையும் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். மரங்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்பதை அவர் விளக்கியபோதுதான் எனக்கு இந்த ஊரின் மேல் முதன்முதலாக ஆர்வம் வந்தது. 1553-இல் பவேரிய ஆட்சியாளர்கள் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று தடை போட்டார்கள். வெயில் காலத்தில் பீர் கெட்டுவிடும் என்பதும், காய்ச்சும் அடுப்புகளால் நகரம் தீப்பற்றும் என்பதும் அதற்குக் காரணங்கள். கோடைக்கு வேண்டிய பீரைக் குளிர்காலத்திலேயே காய்ச்சிக் குன்றுக்குள் குடைந்த பாதாள அறைகளில் பனிக்கட்டியோடு சேமித்தார்கள். மேலே மண் சூடேறாமல் இருக்கக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற பொறியாளர் குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கும்வரை இந்த நாட்டின் பீர் அந்த இருட்டு அறைகளை நம்பித்தான் இருந்தது. எர்லாங்கனில் 1755 முதல் பெந்தெகொஸ்தே நாட்களை ஒட்டி நடக்கும் பெர்க்கிர்ஷ்வைஹ் திருவிழா இன்றும் அப்படி நிலவறைகள் குடைந்த குன்றின் மேல்தான் கூடுகிறது. ஒரு குவளையை முன்னால் வைத்துக்கொண்டு இவ்வளவையும் தெரிந்துகொள்ள முடிந்தது எனக்கு. இதற்குப் பெயர் குடிச் சுற்றுலா என்றால், கோயில் கோயிலாகப் போய்க் கட்டடம் பார்ப்பவரைப் பிரசாதத்துக்காக அலைபவர் என்று சொல்லலாமா?

பாம்பெர்க் நகரில் ஷ்லெங்கெர்லா என்ற புரூவரியின் கருத்த பீரை முதன்முறை வாயில் வைத்தபோது அடுப்புப் புகைதான் நாக்கில் ஏறியது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துவதுதான் மால்ட். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் நம் வீடுகளுக்கு இது புதிய வேலையல்ல. ஒருகாலத்தில் மால்ட்டைப் பெரும்பாலும் விறகுத் தீயில்தான் உலர்த்தினார்கள், ஆகவே புகை வாசம் பல பீர்களிலும் இருந்தது. மற்ற ஊர்கள் வேறு முறைக்கு மாறிய பிறகும் பாம்பெர்க்கில் சிலர் பீச் விறகை விடவில்லை. அந்த வாசம் எனக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆயின. இப்போது அது இல்லாத பாம்பெர்க்கை என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். "குழந்தைகள் இருக்கும் குழு" என்றார் ஒருவர். குழந்தைகள் தங்கள் பெற்றோரோடுதான் நடந்தார்கள். அவர்களுக்கு ஆப்பிள் சாறு எல்லா இடத்திலும் கிடைத்தது. "உடல்நலம்" என்றார் மற்றொருவர். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதை நானும் படித்திருக்கிறேன், மறுக்கவில்லை. நாள் முழுவதும் நடந்து மாலையில் அரை லிட்டர் குடிப்பது என் முடிவு. யாரையும் நான் குடிக்கச் சொல்லவில்லை. பெர்க்கிர்ஷ்வைஹில் இரவு பத்து மணிக்கு மேல் தள்ளாடும் இளைஞர்களின் காணொளியையும் ஒருவர் அனுப்பியிருந்தார். அவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மதிய வெயிலில் தாத்தாக்களும் பேத்திகளும் அமர்ந்திருக்கும் அதே குன்றை இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

"குடியால் அழிந்த குடும்பங்களை நீங்கள் பார்த்ததில்லை" என்று ஒருவர் எழுதியதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. என் தாய்மாமன் குடியால் செத்தார். அவர் கல்லீரல் போய்ப் படுத்திருந்தபோது மருத்துவமனையில் இரவு இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அத்தை தாலிச் சங்கிலியை அடகு வைத்ததும், பிள்ளைகள் படிப்பை நிறுத்தியதும் எனக்குக் கேள்விப்பட்ட கதை அல்ல. அவர் குடித்ததில் ருசி என்ற பேச்சே இருந்ததில்லை. வாங்கிய இடத்திலேயே, நின்ற நிலையில், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வார். யார் செய்தது, எதிலிருந்து செய்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லும் வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த மரணம். ஓர் ஊரின் பீரைத் தேடிப் போவதும் குடித்துக் கிடப்பதும் ஒன்றல்ல என்று, அதை அருகிலிருந்து பார்த்த ஒருத்தி சொல்கிறேன்.

"நம் பண்பாடு" என்று எழுதியவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனை ஏறியவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் அது தானே புளித்துக் கள். எந்த மரம் எப்படிச் சுரக்கும், எந்தக் காற்றில் எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்பது அவருக்குக் கைவந்த அறிவு. 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபோது அந்த அறிவும் சேர்ந்தே குற்றமானது. 2003-இல் அரசே நேரடியாகச் சில்லறைக் கடைகளில் மது விற்கத் தொடங்கியது. மரம் ஏறியவரின் கள் குற்றம், ஆலையில் செய்து அடைத்த பிராந்தி அரசு வருவாய் என்ற ஏற்பாட்டில் வளர்ந்த நமக்கு, குடியென்றால் ஒளித்து வாங்கி ஒளித்துக் குடிப்பது என்ற ஒரே படம்தான் மனதில் பதிந்திருக்கிறது. வெளிச்சத்தில், காய்ச்சியவரோடு பேசிக்கொண்டு, சாப்பாட்டோடு குடிக்கும் ஓர் ஊரைப் பார்த்தால் நமக்குப் பதற்றம் வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பவேரியாவின் ஓபர்ஃபல்ஸ் வட்டாரத்தில் விண்டிஷ்எஷென்பாஹ், ஃபால்கென்பெர்க் போன்ற ஊர்களில் ட்சொய்கல் என்ற பீர் உண்டு. காய்ச்சும் உரிமை பெற்ற வீட்டுக்காரர்கள் ஊர்ப் பொதுக் கூடத்தில் முறை வைத்துக் காய்ச்சி, தங்கள் வீட்டு நிலவறையில் புளிக்கவைத்து, பீர் தயாரானதும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். நட்சத்திரம் தொங்கும் வீட்டுக்குள் யாரும் போய் உட்காரலாம். அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் தாத்தாவை நினைத்துக் கொண்டேன். அவருடைய கலயத்துக்கு இப்படியொரு வாசல் வாய்த்திருந்தால் என்று தோன்றியதும் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வாரம் முழுவதும் அதுதான் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. இதே குழுவில் புத்தாண்டு இரவில் விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கி பாட்டில்களை வரிசையாக அடுக்கி ஆண்கள் எடுத்த படங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கீழே பண்பாடு பற்றி ஒரு வரிகூட இல்லை. அவற்றை வெட்டி யாருடைய மாமியாருக்கும் யாரும் அனுப்பவில்லை. அப்படியானால் உங்களைத் தொந்தரவு செய்தது பீரா, அதைக் கையில் பிடித்தவளா? நடந்ததையும் கற்றதையும் எழுதியதற்காகப் பட்டம் கொடுத்தீர்கள். பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, எனக்கு வலித்தது.

இந்த வட்டாரத்தின் சிறிய புரூவரிகள் பல, எடுத்து நடத்தப் பிள்ளைகள் இல்லாமல் மூடப்படுகின்றன. அவுஃப்ஸெஸும் பாம்பெர்க்கும் அடங்கிய ஓபர்ஃபிராங்கனில் இன்னும் ஏறத்தாழ 150 இருக்கின்றன என்பது பெருமைதான். ஆனாலும் நான் முன்பு போன ஒரு கிராமத்து வாசலில் இப்போது பூட்டு தொங்குகிறது. மகன் மியூனிக்கில் கணினி வேலைக்குப் போய்விட்டார் என்று அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நான் அறிவேன். நாம் போய் உட்கார்ந்து ஒரு குவளை வாங்குவது அவருக்குச் சோறு. அந்தத் தொழிலைக் குடி என்ற ஒரே சொல்லில் அடக்குவது, பனையேறியைக் குற்றவாளியாக்கிய அதே அலட்சியம்.

நடை நடக்கும். சங்கத்தின் பெயரில் இல்லை, என் பெயரில். ஜூலைக் கடைசியில் ஃபோர்ஹைம் நகரில் அன்னாஃபெஸ்ட் திருவிழா. கெல்லர்வால்ட் காட்டுக்குள், மரங்களுக்கு இடையே, குன்றில் குடைந்த பழைய நிலவறைகளின் வாசலிலேயே மேசை போட்டிருப்பார்கள். கூட்டம் சேர்வதற்கு முன் பிற்பகலிலேயே போய், இருட்டுவதற்குள் ரயிலில் திரும்பிவிடலாம். கார் எடுத்து வராதீர்கள். குடிக்காதவர்களும் வாருங்கள், நிலவறைகளின் கதையை அவர்களுக்கும் சேர்த்தே சொல்வேன். என் மாமியாரிடம் நேற்று நானே தொலைபேசியில் பேசி முழுப் படத்தையும் அனுப்பிவிட்டேன். ஆகவே இந்த முறை யாரும் சிரமப்பட்டு வெட்டி அனுப்ப வேண்டியதில்லை.