ஈ தரம் போதாது

ஒரு வீடு எரிசக்தியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதற்கு ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசம்) வரை தரம் கொடுக்கிறார்கள். வாடகை வீடுகளுக்கு சி தரத்தைக் கட்டாயமாக்குவது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அப்படிச் செய்தால் வாடகை ஏறும் என்று அதில் வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2020 ஏப்ரல் முதல் வாடகை வீட்டுக்குக் குறைந்தது ஈ தரம் இருக்க வேண்டும். அதற்கும் 3,500 பவுண்டுக்கு மேல் அவர்கள் செலவழிக்கத் தேவையில்லை; அதற்குள் முடியாவிட்டால் விலக்குப் பதிந்துகொள்ளலாம்.

கிழக்கு லண்டனில் நாங்கள் இருந்ததும் ஈ தர வீடுதான். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். மகள் படுக்கும் பக்கச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, இரவெல்லாம் இருமுவாள். ஹீட்டரை நிறுத்தினால் அரை மணியில் வீடு சில்லிட்டுவிடும். கேஸ் பில் கட்டுவது நாங்கள். சுவரைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். அவருக்கு என்ன அவசரம்? 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் அரசு சி தரத் திட்டத்தைக் கைவிட்டபோது மனம் உடைந்துபோனேன். இந்த முறையாவது அரசு சி தரத்தைத் தள்ளிப்போடக் கூடாது.