தபாலில் படித்தாலும் நூலகர்தான்

நூலகவியலைத் தொலைநிலைக் கல்வியில் படித்தால் வேலை தெரியாது என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. நான் வேலைக்குப் போய்க்கொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எல்.ஐ.எஸ். என்ற நூலகவியல் இளநிலைப் பட்டம் முடித்தவள். தேர்வுகளில் பெரிய சிரமமில்லை. கஷ்டம் வகைப்படுத்தலில்தான், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் பொருளுக்கேற்ற எண் போடுவதில். டூயி தசம முறையில் தமிழ் நாவலுக்கு 894.8113 என்று எண் வரும். அதே நாவலுக்கு நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் முறையில் O31,3: O இலக்கியம், 31 தமிழ், 3 நாவல். இலக்கியம், மொழி, வடிவம் என்று ஒவ்வொரு துண்டாகக் கட்டிப் பார்த்தால்தான் புரியும், படித்து மட்டும் வராது. அதற்காகச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உட்கார்ந்து பழைய புத்தகங்களுக்கு எண் போட்டுப் பார்ப்பேன். நூலகர் அம்மா பொறுமையாகத் திருத்திக் கொடுப்பார். இந்த உதவி கிடைக்காதவர்கள் பாவம், பல்கலைக்கழகத்தின் படிப்பு மையங்கள் இதை ஏற்பாடு செய்தே ஆகவேண்டும்.

அப்புறம், நூலக வேலைகளுக்கான கோஹா மென்பொருள் இலவசம். வீட்டுக் கணினியிலேயே நிறுவி, 100ஆம் புலத்தில் ஆசிரியர், 245ஆம் புலத்தில் தலைப்பு என்று மார்க் (MARC, நூல் விவரங்களைக் கணினியில் பதியும் முறை) பதிவுகளைப் போட்டுப் பழகலாம். கல்லூரி நூலக வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.