மோட்டாரை மாற்றும் முன்

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் பலகை) பற்றி, “ஃபிளாப் இறங்குகிறது, ஏறவில்லை என்றால் மோட்டார் எரிந்துவிட்டது, மாற்றுங்கள்” என்று ஒரு தம்பி எழுதியிருப்பது தவறு. இதில் இரு திசைக்கும் ஒரே மோட்டார்தான். முழுக்க எரிந்திருந்தால் இறங்கவே செய்யாதே! மோட்டாருக்குள் ஏற்றும் திசைக்கான சுருள் மட்டும் அறுந்திருக்கலாம். ஆனால் அது கடைசிச் சந்தேகம். முதலில் பார்க்க வேண்டியவை: மேல் எல்லை சுவிட்ச் (ஃபிளாப் முழுக்க ஏறியதும் மோட்டாரை நிறுத்துவது), ஃபிளாப் லீவருக்குப் பின்னுள்ள மைக்ரோ சுவிட்ச் (லீவர் நகர்ந்ததும் மோட்டாரை ஓடவைக்கும் சிறு சுவிட்ச்), கனெக்டர்கள்.

லீவரை ‘மேலே’ வைத்து, மோட்டார் இணைப்பைக் கழற்றாமல் வோல்ட் பாருங்கள். கழற்றி அளந்தால் அரித்துப்போன இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். வோல்ட் சரியாக வந்தும் ஓடவில்லையா? எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள். மன்னார்குடிப் பக்கம் போர் மோட்டார் நின்றால் ஃபியூஸ், ஸ்டார்ட்டர் பார்க்காமலா காயில் கட்டக் கொடுக்கிறோம்?

சர்க்யூட் பிரேக்கர் (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிப்பது) விழுந்தால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஷார்ட் இருந்தால் வயர் கருகும்.